உள்ளே படுத்திருப்பவர் சாப்பிட்டாரா?

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இப்போது மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். ஒத்தக்கடையில் புது வீடு, வாசலில் கார், வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பாடு. நான்தான் கோபமாக இருக்கிறேன். நேரில் சொன்னால் கத்துவேன். நீ போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். உன் அம்மா நடுவில் புகுந்து, "விடுங்க, புள்ள ஆபீஸ்ல இருந்து அலுத்து வந்திருக்கான்" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதிய பி.டி. வாத்தியாருக்கு மெதுவாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். அவள் மாத்திரை போட்டுக்கொண்டு பகல் தூக்கத்தில் இருக்கிறாள், எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. இதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். உனக்கு மானம் போகிறது என்று தோன்றினால் போகட்டும். எல்லார் வீட்டிலும் யாராவது ஒருவர் என்றைக்காவது அந்த ஐசியூ கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போகத்தான் போகிறார், அவர்கள் பிள்ளைகளும் படிக்கட்டும்.

நேற்று நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். உன் அம்மாவுக்கு இருதய வால்வை மாற்ற வேண்டும் என்று நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் டாக்டரைப் பார்க்கப் போனோம். நீ அவர் எதிரில் உட்கார்ந்தாய், உன் அம்மா உன் பக்கத்தில், நான் சக்கர நாற்காலியில் கதவோரம். பிரஷர், சர்க்கரை, முன்னால் செய்த ஆபரேஷன், ஒவ்வாத மருந்து என்று டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் நீ இங்கிலீஷில் டாண் டாண் என்று பதில் சொன்னாய். அப்போது அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், கொஞ்ச நாளாவே சோறு எறங்க மாட்டேங்குது. ரெண்டு வாய் தின்னாலே மூச்சு வாங்குது. உடம்பும் ரொம்ப எளச்சுப் போச்சு" என்றாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தாரா இல்லையா? அந்த நேரத்தில் நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். அம்மாவுக்கு ஆபரேஷன்னா பயம், அதான். மத்தபடி எல்லாம் நார்மல்" என்றாய். டாக்டர் அடுத்த ரிப்போர்ட்டைப் புரட்டினார். உன் அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். எனக்கு எழுந்து வந்து உன் பிடரியில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது. எழுந்திருக்கத்தான் காலில் தெம்பு இல்லையே.

என்னடா நார்மல்? அவள் ரவிக்கையை இப்போது முதுகுப் பக்கம் ஊக்கு போட்டுப் பிடித்திருக்கிறாள், பார்த்தாயா? சேலைக் கொசுவம் இடுப்பில் நிற்காமல் பாவாடை நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டியதில் தழும்பே விழுந்துவிட்டது. கல்யாண வளையலைச் சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடியும் என்று இருந்தவள், இப்போது கையைத் தொங்கவிட்டாலே அது கழன்று பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுகிறது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே இப்படி உருகிப்போய் இருப்பவள், ஆபரேஷன் முடிந்து உள்ளே படுத்தால் என்ன ஆவாள் என்று டாக்டர் யோசிக்க வேண்டாமா? அவள் அதைத்தான் சொல்ல வந்தாள். அவள் வாயை நீ அடைத்தாய். இது முதல் தடவையாக இருந்திருந்தால் நான் இப்படிக் கொதித்திருக்க மாட்டேன்.

எனக்கு நிமோனியா வந்து மூச்சு மெஷினில் கிடந்த கதையை நீ ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். 'எங்க அப்பா ஒரு போராளி' என்று என் பழைய போட்டோவைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்தாய். அதற்கு எத்தனை கும்பிடு, எத்தனை இருதயம்! நான் எங்கேடா போராடினேன்? கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். குழாயைப் பிடுங்கிவிடுவேனாம். கை கட்டியிருந்தது, வாயில் குழாய் இருந்தது, ஆனால் காதை யாரும் கட்டவில்லை. மருந்து மயக்கம் தெளிகிற நேரத்தில் எல்லாம் கேட்கும். உனக்குத் தெரியாத கதை அங்கே நடந்தது. அதை இதுவரை நான் முழுசாகச் சொன்னதில்லை, உன் அம்மா சொல்லவிடவில்லை.

உள்ளே போன அன்று ஒரு நர்சுப் பெண் இன்னொருத்தியிடம், "இவரு வெயிட் எம்புட்டுப்பா இருக்கும்?" என்று கேட்டாள். "பாத்தா எழுபது இருப்பாரு. எழுபதுன்னு போட்டுக்க" என்றாள் மற்றவள். நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து வருஷம் தவறாமல் ஒவ்வொரு பிள்ளையையும் மெஷினில் ஏற்றி எடை பார்த்தவன். ஆறாங்கிளாஸ் பயல் ஒருவனைக்கூடக் கண்ணால் பார்த்து எழுதியது கிடையாது. அத்தனை மெஷின் வைத்திருக்கிற இடத்தில், ஒரு மனுசனின் எடையை மாட்டுச் சந்தையில் மதிப்புப் போடுகிற மாதிரிப் போட்டார்கள். அந்த எடையை வைத்துத்தான் எனக்கு எவ்வளவு சாப்பாடு என்று கணக்குப் போடுவார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். அதில் பால் மாதிரி ஒன்று இறங்கும். அவர்கள் அதை 'ஃபீட்' என்பார்கள். இறங்கியவரைக்கும் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலையில் அதை நிறுத்தினார்கள். ஸ்கேனுக்குப் போக வேண்டும், வயிறு காலியாக இருக்க வேண்டும் என்றார்கள். ஸ்கேன் அறையில் கூட்டம், மத்தியானம் பார்க்கலாம் என்றார்கள். மத்தியானம் வந்தது, சாயங்காலம் என்றார்கள். சாயங்காலம், நாளைக்கு என்றார்கள். அதுவரைக்கும் நான் பட்டினி. மறுநாள் ஸ்கேன் முடிந்து திரும்பி வந்தேன். ஃபீடை நிறுத்தச் சொல்ல ஆள் இருந்தது, திரும்பத் தொடங்கச் சொல்ல ஆள் இல்லை. காலை நர்ஸ் மாலை நர்ஸ் கொடுப்பாள் என்று நினைத்தாள், மாலை நர்ஸ் டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். பிறகு மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளை போடுவதா வேண்டாமா என்று பேசினார்கள். அதற்கும் வயிறு காலியாக இருக்க வேண்டும். அந்தத் துளை போடுகிற டாக்டர் வரவில்லை, கடைசியில் அது தேவைப்படவும் இல்லை. ஆனால் பட்டினி மட்டும் ஒழுங்காக நடந்தது.

ரவுண்ட்ஸ் என்று கூட்டமாக வருவார்கள். நுரையீரலுக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர். ஆளாளுக்கு அவரவர் உறுப்பை விசாரித்துவிட்டுப் போவார்கள். வயிறு யாருடைய பொறுப்பு என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. பசி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதே. முதலில் பசித்தது. அப்புறம் பசி அடங்கிப்போய், உடம்பு யாருடையதோ போல ஆகிவிட்டது. பசித்தபோது இல்லாத பயம் அப்போதுதான் வந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். தொண்டைக்குள் குழாய் இருப்பவன் எப்படி அழுவான்?

அந்தச் சமயத்தில்தான் பார்வையாளர் நேரத்தில் நீயும் உன் அம்மாவும் உள்ளே வந்தீர்கள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தூங்குகிறேன் என்று நினைத்தீர்கள். நீ மானிட்டரைப் பார்த்து, ஆக்சிஜன் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று கேட்டாய். நன்றாகத்தான் கேட்டாய். உன் அம்மா என் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அங்கே நின்ற டாக்டர் தம்பியிடம், "ஏந்தம்பி, இவருக்குச் சாப்பாடு என்ன குடுக்குறீக? வயிறு ஒட்டிப்போயிக் கெடக்கே" என்றாள். நான் கண்ணைத் திறக்கப் பார்த்தேன். 'கேளுடி, விடாதே, இன்னொரு தடவை கேள்' என்று உள்ளுக்குள் கத்தினேன். அதற்குள் உன் குரல் வந்தது. "அம்மா, சும்மா இரு. இது ஐசியூ. இங்க வந்து சோத்தப் பத்திக் கேக்குற? அசிங்கமா இருக்கும்மா."

அசிங்கம்! அந்த வார்த்தையை நான் இன்னும் காதில் வைத்திருக்கிறேன். இந்த மதுரையில் எதிரியே வாசலில் வந்து நின்றாலும் முதலில் "சாப்டீங்களா" என்றுதான் கேட்போம். கடன் கேட்க வந்தவனையும் கேட்போம், சண்டை போட வந்தவனையும் கேட்போம். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரனைக் கேட்போம். அப்படிப்பட்ட ஊரில், பெற்ற அப்பன் சாப்பிட்டானா என்று கேட்பது உனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. டாக்டர் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தாய். அந்தப் பையன் டாக்டர், "ஃபீட் போகுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எங்கே போச்சு? நான்தானே அங்கே படுத்திருந்தேன், எனக்குத் தெரியாதா?

வெளியே நடந்ததையும் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரி மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து நம் சொந்தக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்களாம். ஆனையூரிலிருந்து உன் சித்தி தூக்குச்சட்டியில் தக்காளிச் சோறு கொண்டுவந்தாளாம். திருப்பரங்குன்றத்திலிருந்து ஒருவர் இட்லி, இன்னொருவர் ஆப்பிளும் ஆரஞ்சும். "நீ சாப்டியா, நீங்க சாப்டீகளா, புள்ளைக்குக் குடுத்தியா" என்று ஒருவரை ஒருவர் கேட்டு வற்புறுத்தி ஊட்டாத குறை. எனக்காக வாங்கிவந்த ஆப்பிளையும் நறுக்கி நீங்களே தின்றுவிட்டீர்கள். தின்னுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, காத்திருப்பவனுக்கும் வயிறு உண்டு. அத்தனை பேரில் உள்ளே படுத்திருப்பவன் சாப்பிட்டானா என்று கேட்டவள் ஒருத்திதான், அவளையும் நீ வாயை மூடச் சொல்லிவிட்டாய்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. உடம்பில் நீர் கோத்து என் முகமும் கையும் புசுபுசுவென்று வீங்கிவிட்டன. ஊசி வழியாக ஏற்றிய தண்ணீரெல்லாம் தோலுக்கு அடியில் தங்கிவிட்டது. உன் தாய்மாமன் வந்து பார்த்துவிட்டு, "மச்சானுக்கு மொகம் தெளிஞ்சிருச்சு, கன்னமெல்லாம் சதை போட்டிருக்கு. நல்லாக் கவனிக்கிறாங்க" என்று வெளியே போய்ச் சொல்லியிருக்கிறான். நீயும் அதை நம்பி, 'அப்பா தேறிவிட்டார்' என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினாய். நம் ஆட்களுக்குக் கன்னம் உப்பியிருந்தால் போதும், ஆள் செழிப்பு. அந்த நீர் வடிந்த அன்று என்ன மிச்சம் இருந்தது என்று உனக்கே தெரியும். நர்ஸ் என்னை உட்கார வைத்தபோது நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாய். என் தொடையை என் இரண்டு கைக்குள் சுற்றிப் பிடிக்க முடிந்தது. அடிமரம் மாதிரி இருந்த இந்தக் கெண்டைக்காலைப் பார்த்துத்தான் பயல்கள் எனக்கு 'மரக்கால் வாத்தியார்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். இப்போது கழிப்பறையிலிருந்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி அடித்து வைத்திருக்கிறாய்.

வார்டுக்கு மாற்றிய பிறகு உணவு பார்க்கிற அம்மா ஒருத்தர் வந்தார். முழுப் பழியையும் பட்டினி மேல் போடாதீர்கள் சார் என்றார். பெரிய நோய் வந்தால் உடம்பு தன் சதையைத் தானே தின்னும், படுத்தே கிடந்தாலும் சதை கரையும், சாப்பாடு ஒழுங்காகப் போயிருந்தாலும் கொஞ்சம் போய்த்தான் இருக்கும் என்றார். நியாயமான பேச்சு, ஒத்துக்கொண்டேன். "ஆனா சாப்பாடும் விட்டு விட்டுப் போனா, இருக்கறதும் சீக்கிரமா கரைஞ்சிரும் சார். அப்புறம் மெஷின்ல இருந்து எடுக்கறதும் லேட் ஆகும், புண்ணும் ஆறாது. நீங்க உள்ள வந்ததுமே என்னைக் கூப்பிட்டிருக்கணும்" என்றார். ஏன் கூப்பிடவில்லை என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "உயிரக் காப்பாத்திட்டோம்ல சார், சதை திரும்ப வந்துரும்" என்று தோளில் தட்டினார். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? எனக்கு அந்தச் சதை இன்னும் வரவில்லை, நான் இன்னும் இந்த நாற்காலியில்தான் இருக்கிறேன்.

நர்சுப் பிள்ளைகளை நான் திட்டவில்லை. ஒருத்தி கையில் அத்தனை படுக்கை, அவள் தண்ணீர் குடிப்பதையே நான் பார்க்கவில்லை. திட்டினால் அத்தனை பேருக்கு ஒருத்தியை நிறுத்தியவனைத் திட்ட வேண்டும். நானும் கண்மூடித்தனமாக எதையாவது ஊட்டச் சொல்லவில்லை. உன் தாய்மாமன் அந்தக் கூத்தையும் பண்ணினான். வேட்டி மடிப்பில் இளநீரை மறைத்துக் கொண்டுவந்து, "மச்சான், கோயில்ல வச்சுக் கும்பிட்டு வந்தேன், ஒரு சொட்டு" என்று ஸ்பூனை என் உதட்டுக்குக் கொண்டுவந்தான். அங்கே நின்ற நர்சு பாய்ந்து வந்து அவன் கையைத் தட்டிவிட்டாளே, அவள் நல்லா இருக்கட்டும்! உள்ளே போயிருந்தால் அது நுரையீரலுக்குப் போய் என்னைக் கொன்றிருக்கும். நீ எதையும் ஊட்ட வேண்டாம், வாயைத் திறந்து கேட்டால் போதும்.

உனக்கு இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நீ கபடி டீமில் இருந்தபோது, போட்டி நடக்கிற மைதானத்துக்கெல்லாம் உன் அம்மா எலுமிச்சைத் தண்ணியும் சோற்று வாளியுமாக வந்துவிடுவாள். கோட்டுக்கு வெளியே நின்று, "டேய், சாப்டியாடா?" என்று ஊரே கேட்கக் கூப்பிடுவாள். பயல்கள் சிரிப்பார்கள். நீ அவளைத் தெரியாத மாதிரி அந்தப் பக்கம் போய் நிற்பாய். ஆட்டம் முடிந்ததும் சிரித்த பயல்கள்தான் முதலில் வந்து அவள் வாளியைக் காலி பண்ணுவார்கள், நீயும்தான். இதை அவளிடம் சொன்னேன். "நீங்க மட்டும் என்ன? கல்யாண வீட்ல ரெண்டாவது தடவ பாயாசம் கேட்டான்னு அவனத் தொடையில கிள்ளுனவரு யாரு?" என்று திருப்பிக் கேட்டாள். இருக்கலாம். அந்த விசாரணைக்கெல்லாம் இப்போது எனக்கு நேரமில்லை, ஆபரேஷன் வருகிறது.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளைக்கே டாக்டருக்குப் போன் போட்டு, நேற்று நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அம்மா மாசக்கணக்காகச் சரியாகச் சாப்பிடவில்லை, இளைத்துவிட்டார் என்று சொல். 'நார்மல்' என்று சொன்ன அதே வாயால் சொல். அவளை மெஷினில் ஏற்றி எடை பார்க்கச் சொல், நீ பக்கத்தில் நின்று பார். ஆபரேஷனுக்கு முன்னாலேயே உணவு பார்க்கிற ஆள் வந்து அவளைப் பார்க்க வேண்டும் என்று கேள். உள்ளே போன பிறகு, எப்போது சாப்பாடு தொடங்குவீர்கள் என்று கேள். நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள், திரும்ப எப்போது தொடங்குவீர்கள், யார் தொடங்கச் சொல்வார்கள் என்று கேள். 'ஃபீட் போகுது' என்றால் நம்பி வந்துவிடாதே. கொடுக்கச் சொன்னது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு என்று கேள். முகம் உப்பியிருந்தால் சந்தோஷப்படாதே. மரியாதையாகக் கேள், கும்பிட்டுக்கூடக் கேள், ஆனால் கேட்காமல் இருக்காதே. ஒரு டாக்டர் சலித்துக்கொண்டால் அடுத்த டாக்டரிடம் கேள். சோற்றைப் பற்றிக் கேட்பதற்கு உனக்கு இங்கிலீஷ் வேண்டாம்.

நான் கேட்கலாம்தான். ஆனால் உள்ளே போக ஒருவருக்குத்தான் பாஸ், அதுவும் சக்கர நாற்காலிக்கு இல்லை என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். எனக்காகக் கேட்டவள் வாயில் இந்தத் தடவை குழாய் இருக்கும். அவள் அங்கே கண்ணை மூடிப் படுத்திருப்பாள், நீ தூங்குகிறாள் என்று நினைப்பாய். அவளுக்குக் காது கேட்கும்டா. நீ என்ன கேட்கிறாய், என்ன கேட்காமல் விடுகிறாய் என்பது எல்லாம் கேட்கும். நான் படுத்திருந்தபோது காத்துக்கிடந்த மாதிரி அவளும் அந்த ஒரு கேள்விக்குத்தான் காத்துக்கிடப்பாள். அதை உன் குரலில் கேட்டால் அவளுக்குப் பாதித் தெம்பு வந்துவிடும்.

நான் அந்தக் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருப்பேன். நீ தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்ததும் பிரஷரும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம், "உங்கம்மா சாப்டாளா?" என்றுதான் கேட்பேன். நீ "தெரியலப்பா" என்று சொன்னால், மரத்தடியில் இருக்கிற அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும், மைதானத்தில் உன்னை இன்னொரு சுற்று ஓடச் சொன்னேனே, அதே குரலில் சொல்வேன். திரும்ப உள்ளே போ, கேட்டுக்கொண்டு வா.

அப்பா